இரண்டு விரல் தண்ணீர்

இன்று காலை எழுந்ததும் முதலில் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். பதிமுகப் பட்டை போட்டு நேற்று காய்ச்சி ஆறவைத்தது. இளஞ்சிவப்பு நிறம், லேசான மர வாசனை. பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்பே, சமையலறையில் நின்றபடி குடித்தேன். உன்னோடு பழகிய பிறகு வந்த பழக்கம் இது. அதற்கு முன் தண்ணீர் குடிப்பது ஒரு காரியம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

தம்ளரைக் கவிழ்த்து வைத்தபோது மேசைமேல் உன் பாட்டில் இருந்தது. நேற்றுதான் பரணிலிருந்து இறக்கினேன். நகப்பூச்சால் போட்ட இரண்டு கோடுகள், அவற்றுக்குக் கீழே உன் பெயர். சிவப்பு இப்போது பழுப்பாகிவிட்டது.

பதினொரு வருடங்களுக்கு முன், பழவங்காடியில் நீ வேலை பார்த்த மூன்று மாடி ஜவுளிக்கடைக்கு நான் ஒரு கேள்வித்தாளோடு வந்தேன். கடைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு. கடைக்குள் பேச முடியாது. சாயங்காலம் வேலை முடிந்து, கிழக்கேகோட்டையில் நீங்கள் ஏழு பேரும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம்தான் பேட்டி. எனக்கு அப்போது வேலைகூடக் கிடையாது. ஆனாலும் முதல் நாளே நீ என்னை டீச்சர் ஆக்கிவிட்டாய். நாம் இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் 'நீங்க' போய்விட்டது. டீச்சர் மட்டும் போகவில்லை. "டீச்சரே, நீ" என்று ஒரே மூச்சில் சொல்வாய்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிப்பறைக்குப் போகிறீர்கள் என்பது என் பதினான்காவது கேள்வி. எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி "நாலு தடவை" என்றாள். இன்னொருத்தி "அஞ்சு" என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

நீ என் பேனாவைப் பிடித்துக்கொண்டாய். "அடிச்சு எழுது. பூரா பொய். டீச்சரே, இதை வாயால கேட்டா ஒருத்தியும் சொல்ல மாட்டா. பாட்டில்ட்ட கேளு."

கழிப்பறை பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. சாவி சூப்பர்வைசரின் மேசையில். வாடிக்கையாளர் முன்னால் போய்க் கேட்க வேண்டும். "இப்பத்தானே போனே என்பான். எல்லாரும் திரும்பிப் பாப்பாவ. அதுக்குத் தண்ணி குடிக்காம இருந்திரலாம்," என்று சாதாரணமாகச் சொன்னாய். மறுநாள் காலை கடைக்கு வெளியே நின்று, உன் நகப்பூச்சால் ஏழு பாட்டில்களிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டாய். சாயங்காலம் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொன்று. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரலை வைத்து அளந்து சொல்வாய். நான் நோட்டில் குறிப்பேன். இரண்டு விரல், ஒன்றரை விரல், இரண்டு விரல். மறுநாள் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவாய். பதினான்கு நாள் அப்படிப் போனது. மற்ற ஆறு பேருக்கும் எண் கொடுத்தேன். நீ எண் வேண்டாம் என்று பெயரையே எழுதிவிட்டாய்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கியபோது, 'ஆய்வுக்கு மட்டுமே' என்ற வரியைப் படித்துக் காட்டினேன். "நீ ஆய்வுன்னு வச்சுக்கோ. நான் சொல்லுதது பராதியாக்கும்," என்றாய். பராதி என்றால் புகார். இந்த ஊருக்கு வந்து நீ முதலில் கற்ற மலையாள வார்த்தைகளில் அது ஒன்று என்று சொல்லியிருக்கிறாய். சுவாரசியமான கூற்று என்று அதை ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆய்வேடு முடிந்ததும் உனக்குக் காட்டக் கொண்டுவந்தேன். கணபதி கோயிலுக்கு எதிரே, தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னேன். விரல் எல்லாம் மில்லிலிட்டர் ஆகியிருந்தது. உன் பெயர் வேறொரு பெயர் ஆகியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில், பாட்டில் கோடு 'ஆய்வாளர் வகுத்த முறை' என்று இருந்தது. அந்த வரியையும் நானே வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை அதில் தவறு இருப்பது எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இன்றுவரை யோசிக்கிறேன்.

நீ ஆய்வேட்டை மூடி என் கையில் கொடுத்தாய். பிறகு, "பேரை மாத்தினது சரி. வேலை போயிரும்னு பயந்திருப்பே. கோடு போட்டது யாருங்கறதையுமா மாத்தணும்?" என்றாய். புத்தகமாக வரும்போது திருத்திவிடுகிறேன் என்றேன். "சாரமில்லை," என்றாய். பரவாயில்லை என்று பொருள். உனக்கு அது பெரிதாகத்தான் பட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் நீயும் மற்ற ஆறு பேரும் ஏழு பாட்டில்களையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வரிசையாக வைத்தீர்கள். எந்த விளக்கமும் சொல்லாமல், கோடுகள் அவர் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாயாம். அன்று நான் ஒரு கருத்தரங்கில் அதே கோடுகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கிடைத்தது. உங்களுக்கு இன்னொரு சாவி கிடைத்தது. உன்னை மட்டும் சேலைப் பிரிவிலிருந்து குடோனுக்கு மாற்றினார்கள். மூன்று மாதத்தில் நீ வேறு கடைக்குப் போனாய். போகும் முன் பாட்டிலை என்னிடம் கொடுத்தாய். "எழுதும்போது பாத்துக்கோ."

எழுதினேன். கட்டுரை வந்தது, வேலை வந்தது, புத்தகமும் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. மெய்ப்புப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது. மாற்றினால் அத்தியாயத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகத்தை உனக்குக் காட்டவில்லை. நீ கேட்கவும் இல்லை.

இரண்டு மழைக்காலங்களுக்கு முன் எலிக்காய்ச்சலில் நீ போனாய். தண்ணீர் குடிக்காமல் சிறுநீரகம் கெட்டு இறந்தாய் என்றால் என் ஆய்வுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் எனக்குச் செய்தி வந்தது. அதற்குள் உன் ஊர் செங்கோட்டைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

போன வாரம் அதே ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். முன்பு நீ மாறிப் போன கடையில் உன்னோடு வேலை பார்த்தவளாம். கடையை விரிவாக்கியபோது அந்தக் கழிப்பறையும் இரண்டு சாவியும் போய்விட்டனவாம். இப்போது வேறொரு கடையின் கழிப்பறைக்குப் போய் நிற்கிறார்களாம். தொழிலாளர் நலத் துறையில் புகார் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை. இத்தனை வருடத்தில் எந்தப் பெண்ணும் ஒரு குறையும் சொன்னதில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய் என்று காட்ட இவர்களிடம் ஒன்றும் இல்லை.

"டீச்சர்ட்ட ஒரு நோட்டு உண்டுன்னு அக்கா சொல்லியிருந்தாங்க," என்றாள் அந்தப் பெண். "இல்லேன்னா சாரமில்லை." அந்த வார்த்தையையும் அவள் உன்னிடமிருந்துதான் எடுத்திருப்பாள் என்று தோன்றியது.

கல்லூரியில் என் துறைத்தலைவியிடம், நோட்டைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அன்பாகத்தான் பேசினார். "ஆய்வுக்கு மட்டும்னு நீதான் ஒப்புதல் வாங்கியிருக்கே. அதை மீறினா நெறிமுறைக் குழு சும்மா இருக்காது. அடுத்த மாசம் உன் பதவி உயர்வு நேர்காணல் வேற. ஒரு கட்டுரை எழுதேன், அதை அவங்க மேற்கோள் காட்டிக்கட்டும்." அவர் சொன்னதில் விதிப்படி தவறு எதுவும் இல்லை. நான் கேட்டது அறிவுரைதானா, தடுத்து நிறுத்த ஒருவர் வேண்டும் என்றுதானா என்று வீடு திரும்பும்போது வலியசாலைத் தெரு முழுக்க யோசித்தேன்.

நேற்று சாயங்காலம் நோட்டை எடுத்தேன். மற்ற ஆறு பேரும் கேட்டது பெயர் மறைப்பு. அவர்களின் பக்கங்களை நான் தொடமாட்டேன். உன் பக்கங்கள் பதினான்கு. முதல் பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் உன் வாக்கியம் இருக்கிறது. பராதியாக்கும். புகாரைப் புகார் என்று சொல்லித்தான் நீ கொடுத்திருக்கிறாய். நான்தான் அதை வேறு உறையில் போட்டு வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை நான் போகிறேன். அந்தப் பெண்ணுக்கும் துறைத்தலைவிக்கும் வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பதினான்கு பக்கங்களும் இந்தப் பாட்டிலும் என் பையில் இருக்கும். யார் இந்த முறையை வகுத்தது என்று கேட்டால் நீ என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இந்த மடலிலும் உன் பெயரை எழுதவில்லை. பதினொரு வருடம் மாற்றி எழுதிய கை இது. அங்கே மேசைமேல் பாட்டிலை வைத்து, பெயர் இருக்கும் பக்கத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பி, முதலில் அதைத்தான் வாசிக்கப் போகிறேன்.