அம்மா நடக்கிற தரை

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய், அதனால் எழுதவில்லை. போனில் பேசியிருக்கலாம், ஆனால் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், நான் குரலை உயர்த்துவதற்குள் "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று தொடையில் கிள்ளுகிறாள். கடிதத்தில் அவளால் கிள்ள முடியாது. ஆகவே நிதானமாகத் திட்டப்போகிறேன், நீயும் நிதானமாகப் படி.

நாங்கள் கண் ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்து, பக்கத்து வீட்டு டெய்லரிடம் நான் கொடுத்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறக்கச் சொல்லி, தரையைச் சுத்தம் பண்ணும் ஆட்களை உள்ளே அனுப்பினாயே, யாரைக் கேட்டு அனுப்பினாய்? வீடியோவில் பார்த்தபோது தரை அழுக்காகத் தெரிந்ததாம், எங்களுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தாயாம். அதிர்ச்சி பத்திரமாக வந்து சேர்ந்தது, இன்பத்தைத்தான் காணோம். நம் வீட்டுத் தரை மேல்பூச்சு இல்லாத மண் டைல்ஸ், அதில் தவழ்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டவன் நீ, உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அது தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், எதை ஊற்றினாலும் குடிக்கும். அதன் மேல் போய் ஆசிட்டை ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய்க் கறை போகவில்லை என்று அந்த ஈரத்திலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவப் போனானாம் ஒருவன், டெய்லர் பார்த்துக் கையைப் பிடித்துத் தடுத்திருக்கிறார், இரண்டும் சேர்ந்தால் கிளம்புகிற புகை ஆளையே சாய்த்துவிடும். ஆசிட் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டதும், பண்ணின கூத்தை மறைக்க வீடு முழுக்கப் பளபளவென்று ஒரு பூச்சைப் பூசிவிட்டுப் போய்விட்டார்கள். சமையலறை வாசலில் மூலை உடைந்த டைல் ஒன்று இருந்ததே, அதையும் விடவில்லை, சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள்.

உன் அம்மாவுக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும்தான் தெரிகிறது, டாக்டர் சொன்னதை முதலில் உன்னிடம்தான் சொன்னேன். அப்படியும் அவள் யார் கையையும் பிடிக்காமல் வீட்டுக்குள் வளைய வந்தாளே, எதை வைத்து என்று ஒரு நாளாவது யோசித்தாயா? பாதத்தை வைத்துத்தானப்பா. ஹாலில் சொரசொரப்பு, படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போகிற வழி தேய்ந்து தேய்ந்து சற்றுப் பள்ளம், அந்த உடைந்த மூலை கட்டைவிரலில் பட்டால் சமையலறை வந்துவிட்டது. இப்போது எங்கே கால் வைத்தாலும் ஒரே மாதிரி, போதாக்குறைக்கு வழுக்கல் வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வெறுங்காலோடு உள்ளே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "யார் வீட்டுக்குங்க கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணித் தரை எப்படிம்மா இருக்கு என்று கேட்டாய். டெய்லர் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தவள் "கண்ணாடி மாதிரி இருக்குப்பா" என்றாள். கண் தெரியாதவள் சொல்கிறாள், நீயும் "சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டாய். வந்த ஆட்களைக்கூட மன்னித்துவிடுவேன், அவர்களுக்கு உன் அம்மாவைத் தெரியாது. உன்னுடைய அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெயிண்ட் கடையில் கேட்டு, பூச்சைக் கரைக்கிற திரவம் வாங்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு டைலில் போட்டுப் பார்த்து, டைலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தொடங்கினேன். அம்மாவை டெய்லர் வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஜன்னலெல்லாம் திறந்து போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, இரும்பு படாமல் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு கலந்து துடைத்து, தண்ணீர் தேங்கவிடாமல் உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தேன். இனி இந்தத் தரைக்கு அந்தச் சோப்புத் தண்ணீர் போதும், வேறு எந்த மருந்தும் இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், அங்கிருந்து சமையலறை வரைக்கும் ஆயிற்று, அடைத்த சிமெண்டையும் உளியால் தட்டி எடுத்துவிட்டேன். நேற்று அவள் தனியாகவே போய் டீ போட்டாள். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தாள், கடைசிச் சொட்டு வரை குடித்தேன். பிறகு ஹால் பக்கம் திரும்பியவள், வழுக்கல் ஆரம்பிக்கிற இடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஹாலை நான் தொடப்போவதில்லை. என் முட்டி இதோடு கும்பிடு போட்டுவிட்டது, ஆனால் அது மட்டும் காரணமில்லை. ஆள் அனுப்புகிறேன் என்று மறுபடி ஆரம்பிக்காதே, சாவி இப்போது டெய்லரிடம் இல்லை, என் இடுப்பில் இருக்கிறது. லீவு போட்டுவிட்டு நீ வா, நீயே குனிந்து செய். மருமகளுக்கு எங்கள் ஆசிகள், அவள் மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கும் ஆசிதான், பெற்ற மனசு அதை நிறுத்த விடாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். போன தடவை நீ வந்தபோது வண்டிச் சத்தம் கேட்டதுமே உன் அம்மாதான் ஹாலைக் கடந்து ஓடி வந்து கதவைத் திறந்தாள். இந்தத் தடவை நான்தான் திறப்பேன். அவள் ஹாலுக்கு அந்தக் கோடியில் நின்று உன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கோபம் ஆறாத,
உன் அப்பா