பச்சையம்மாளின் போணி

கருவடிக்குப்பம், புதுச்சேரி.

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, ஒவ்வோர் எழுத்தும் நானே எழுதியது! உன் முழங்கால் வலி தேவலையா?

நான் காவல் பார்க்கும் முதியோர் இல்லத்தில், முன்பு மீன் விற்ற பச்சையம்மாள் விடியலில் வெறுங்கூடையோடு "மீனு, மீனு" என்று கூவுவாள். "வயசானா அப்படித்தான்" என்று நர்ஸம்மா தூக்க மாத்திரை கொடுப்பார். ஒருநாள் நான், "சங்கரா மீனு என்னா வெல?" என்றேன். "போணி நேரத்துல பேரம் பேசாத, கெழவா!" என்று சிரித்தாள். பிறகு தினமும் நான் போணி செய்ததும் அமைதியாகிவிடுவாள். மாத்திரை நின்றது.

போன வாரம் இறந்துபோனாள். விடியலில் இன்னும் அவள் குரல் கேட்கிறது. பயப்படாதே. எழுந்துபோய் விலை கேட்டுவிட்டு வருகிறேன்.

என் பழைய கம்பளியை அனுப்பு, உன் சேலையில் சுற்றி அனுப்பு. கேட் தட்டுகிறார்கள், போகிறேன். குரல் கேட்பதை நர்ஸம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது என்பார்.

உன்,
வைத்திலிங்கம்