தை அமாவாசைக்கு மறுநாள் வைத்த நண்டு ரசம்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவுக்கு நண்டுக்காரி ஒருத்தி வந்தாள். மண்ணெண்ணெய் டின்னை ஈரச்சாக்கால் மூடி இடுப்பில் வைத்திருந்தாள். உள்ளே நண்டுகள் தகரத்தைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டதும், புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாக நெஞ்சில் சளி. "வாங்கி ரசம் வையேன், எத்தனை வருசமாச்சு" என்றார். "நமக்கு அது ஒத்துக்காது" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். பதினோரு வருஷமாக நான் சொல்லிவருகிற பதில் இது.

அவர் வேலைக்குப் போனபிறகு பழைய நோட்டு ஒன்றை எடுத்துவைத்து உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தபோது சொல்ல வாய் வராதவளுக்கு இப்போது எங்கிருந்து எழுத்து வருகிறது என்று கேட்பாய். கேள், உனக்கு அந்த உரிமை உண்டு.

ஆறு குடித்தனம் இருந்த நம் வளவு நினைவிருக்கும். ஒரே கிணறு, ஒரே கொல்லைப்புறம், ஒருத்தி வீட்டில் கடுகு வெடித்தால் ஆறு வீட்டுக்கும் கேட்கும். உன் வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் இருந்தார், என்னவர் புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில். சொந்த ஊரான கீரனூரில் நிலத்தைப் பார்க்காமல் டவுனுக்கு வேலைக்கு வந்துவிட்டார் என்று என் மாமனாருக்கு மகன்மேல் கோபம். "டவுன்ல போயி வெறுஞ்சோத்தத் திங்கறதுக்கா உன்னை வளத்தேன்" என்று கேட்டவர், இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்த வெறுஞ்சோறு என்ற சொல் எனக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. குடும்பம் நடத்திக் காட்டுகிறேன் பார் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அதனால்தான் அம்புட்டு சிக்கனம். முருங்கைக்கீரைக் காம்பைக்கூட வீணாக்க மாட்டேன். புளியை இரண்டாம் முறை கரைத்து மறுநாள் ரசத்துக்கு வைப்பேன். நீ கிணற்றடியில் துணியை அலசிக்கொண்டே, "ஏ புள்ள, ஒன்ன விட்டா கல்ல ஊறவச்சுக் கொழம்பு வச்சிருவ" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமைதான் பின்னால் வினையாக வந்தது.

கறி என்பது நமக்கெல்லாம் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளில் நாக்குக்கு ருசி என்றால் உன் நண்டுதான். சாணார்பட்டிப் பக்கம் வாய்க்கால் வரப்பில் உன் தங்கை பிடித்துப் பஸ்ஸில் அனுப்புகிற வயல் நண்டு. நம் வளவுக்கும் தெருவுக்கும் நீதான் கொண்டுபோய்க் கொடுப்பாய். யாருக்குக் கொடுத்தாலும் ஒவ்வொன்றையும் முறத்தில் மல்லாத்திப் போடுவாய். காலை உதைத்துத் தானாகத் திரும்பினால்தான் அவர்கள் சட்டிக்குள் போகும். திரும்பாததைத் தூக்கி எறிந்துவிடுவாய். "செத்த நண்டு வெசம் புள்ள. ஒண்ணு கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போகுது" என்பாய். தெருவே கண்ணை மூடிக்கொண்டு உன்னிடம் வாங்கியது.

அமாவாசை விஷயம் நமக்குள் ஒரு கூட்டுக் களவாணித்தனம் மாதிரி. அமாவாசையை ஒட்டித்தான் நண்டில் சதை முட்டிக்கொண்டு இருக்கும், பௌர்ணமிக்குக் கூடாகிவிடும். ஆனால் அமாவாசையன்று எங்கள் வீடுகளில் கவிச்சி கிடையாது, யாரும் வாங்க மாட்டார்கள். அன்றைக்கு நண்டு சல்லிசு. நீ மாதா கோயிலுக்குப் போகிறவள், உனக்கென்ன. "ஒங்க சாமி ஒங்களைப் பட்டினி போட்டு எனக்குச் சதையக் குடுக்குது" என்று கேலி செய்துகொண்டே என் பங்கையும் வாங்கி உன் வீட்டுப் பானையில் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்து, மறுநாள் விடிந்ததும் தருவாய். அமாவாசைச் சதையை அமாவாசை விலைக்கே தின்றோம்.

அந்தச் சமையலிலும் உன் கணக்கே வேறு. பத்து நண்டைப் பத்துப் பேருக்குப் பரிமாறுவாய். உடம்பெல்லாம் கத்தரிக்காயோடு குழம்புக்கு. காலெல்லாம் மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு உரலில் இடித்து வடிகட்டி ரசத்துக்கு. தேங்காய் அரைத்து ஊற்ற வேண்டும் என்று நான் சண்டை போடுவேன், கூடாது என்று நீ மல்லுக்கு நிற்பாய். கொடுக்கை அம்மிக் குழவியால் தட்டிவிட்டுத்தான் இலையில் வைக்கச் சொல்வாய். "எண்ணி வைக்காத. கொழம்போட அள்ளி ஊத்து. எண்ணி வச்சா திங்கிறவன் மூஞ்சி சுருங்கிப்போகும்" என்று நீ சொன்னதை இன்றைக்கும் கோழிக்குழம்பு ஊற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அந்தத் தை மாதம் மாமனார் வருவதாகக் கடுதாசி வந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. நெஞ்சில் சளி, டவுன் டாக்டரிடம் காட்ட வேண்டும், அமாவாசைக்கு மறுநாள் வருகிறேன் என்று எழுதியிருந்தார். எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. மாசக்கடைசி, கறி எடுக்க வழியில்லை. நீதான், "நண்டு இருக்கயில என்ன கவலை? ரசம் வச்சுக் குடு, சளியும் போகும், கோவமும் போகும்" என்றாய்.

அமாவாசையன்று விடிகாலையில் நீ கதவைத் தட்டினாய். தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது, முதல் பஸ்ஸுக்கு ஓட வேண்டும், வர மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றாய். நண்டுப் பானையை என் கையில் கொடுத்தாய். "பன்னெண்டு இருக்கு. வெயில் படாம வையி. செத்த நேரத்துக்கு ஒருக்கா தண்ணி தெளி. மூச்சு முட்ட மூடிராத" என்றாய். முறத்தில் மல்லாத்திக் காட்ட அன்றைக்கு உனக்கு நேரமில்லை. ஆனால் நான் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

தை அமாவாசை. செத்துப்போன மாமியாருக்குப் படையல் போட வேண்டும். தலை முழுகிவிட்டு அடுப்படியில் நின்றவள் நண்டுப் பானையைத் தொடலாமா? தொட்டால் மறுபடியும் தலை முழுக வேண்டும், ஈர உடம்போடு நடுங்க வேண்டும். அதனால் முழுகுவதற்கு முன்பே பானையைக் கொல்லைச் சுவரோரம் நிழலில் வைத்து, வெளியே வந்துவிடக்கூடாதே என்று தட்டைக் கவிழ்த்து மேலே கல்லை ஏற்றிவிட்டேன். மத்தியானம் நிழல் நகர்ந்துபோய் அந்தச் சுவர் முழுக்க வெயில் என்று எனக்குத் தெரியும். காக்கைக்குச் சோறு வைக்கப் போனபோது பானை வெயிலில் இருந்ததைப் பார்த்தேன். படையல் முடியட்டும் என்று வந்துவிட்டேன். முடிந்தபிறகு மறந்தும் போனேன்.

மறுநாள் காலையில் திறந்தபோது எட்டு அசைந்தன, நாலு அசையவில்லை. மல்லாத்திப் போட்டேன், திரும்பவில்லை. குச்சியால் குத்தினேன். மாமனார் அதற்குள் வந்து முன்னறையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். எட்டு நண்டில் மூன்று பேர் சாப்பிட்டிருக்கலாம் அக்கா, தாராளமாகச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் நாலு நண்டைத் தூக்கி எறிய எனக்கு மனசு வரவில்லை. வெறுஞ்சோறு என்று சொன்னவர் முன்னால் குழம்பும் ரசமும் நிறைய நிறைய இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. குழம்பில் போட்டால் முழுசாகத் தெரியும். இடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மிளகைக் கூடப் போட்டு, நாலையும் காலோடு சேர்த்து உரலில் இடித்தேன்.

ரசம் மணத்தது. அதுதான் கொடுமை. மாமனார் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "ஏனம்மிணி, டவுனுக்குள்ள வயநண்டு எங்க புடிச்சே? நெஞ்சுக்கு எதமா இருக்குது. இன்னொரு டம்ளர் ஊத்து" என்றார். ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

என்னவர் கிட்டங்கியிலிருந்து சாப்பிட வருமுன்னே, மூன்று மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு. குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நண்டு என்றதும், செத்ததைச் சமைத்திருப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். ரசத்தில் வாய் வைக்காத நான் வீட்டில் உரலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீ தங்கை வீட்டிலிருந்து முருங்கைக்காய்க் கட்டோடு வளவுக்குள் நுழைந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்த என்னவர் வாசலில் நின்றார். "ஏனுங்க, செத்த நண்டக் குடுத்து எங்கய்யனக் கொல்லப் பாத்தீங்களா?" என்று கத்தினார். அந்தக் கோபத்திலும் அவர் வாயிலிருந்து 'ங்க' போகவில்லை. ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. நீ அவரைத் தாண்டி என்னைப் பார்த்தாய்.

"புள்ள, நான் குடுக்கும்போது எல்லாம் உசுரோட இருந்துச்சுல்ல? நீ பாத்தேல்ல?"

"நான் பாக்கலக்கா. நீ அவசரத்துல குடுத்துட்டுப் போயிட்ட" என்றேன்.

முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தாய். பிறகு எல்லாருக்கும் கேட்க, "அப்ப நான்தான் பாக்காமக் குடுத்திருக்கேன். தப்பு என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். முருங்கைக்காய்க் கட்டு வாசலிலேயே கிடந்தது.

மாமனார் நாலாம் நாள் பிழைத்து வந்தார். நான் இராப்பகல் பார்த்துக்கொண்டேன் என்று அவருக்கு ஏக மனநிறைவு. "நீ என்ன பண்ணுவே அம்மிணி? குடுத்தவ பாத்துக் குடுத்திருக்கோணும்" என்றார். மகனோடு ராசியானார். ஊரில் போய் மருமகளைப் போல உண்டா என்று சொன்னாராம். எனக்கு வந்த நல்ல பெயர் அத்தனையும் உன்னிடமிருந்து பிடுங்கியது.

அதற்குப்பின் தெருவில் ஒருத்தரும் உன்னிடம் நண்டு வாங்கவில்லை. உன் தங்கை அனுப்பிய நண்டுச் சாக்கு வந்தபடியே திரும்பிப் போனது, பிறகு வருவதும் நின்றது. நீ வெங்காய மண்டியில் அழுகல் பொறுக்கும் கூலி வேலைக்குப் போனாய். நீ கிணற்றடிக்கு வந்தால் நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த வருஷமே வேறு தெருவுக்கு வீடு மாறினோம். வாடகை கூட என்று அவர் முனகியபோதும் பிடிவாதமாக நின்றவள் நான்.

ஒருநாள் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "ஒன் மாமனாரு சொகமா இருக்காரா? இன்னும் என் மனசு கேக்க மாட்டேங்குது புள்ள" என்றாய். குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டே நடிக்கிறாள் பார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கையை உருவிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் உன்னைத் திட்டினேன். இந்த மனசு இருக்கிறதே, தப்புச் செய்தவளுக்குத்தான் அது அதிகமாக ரோஷப்படுகிறது.

நீ போனது தெரிந்து உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டார். "தை மாசம் தவறாம ஒங்க மாமனாருக்குன்னு ஒரு மெழுகுதிரி ஏத்துவா தாயி. பாக்காமக் குடுத்துட்டேனே, பெரிய மனுசனுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அந்தப் புள்ள எப்படி வாழ்ந்திருக்கும்னு சொல்லிச் சொல்லி அழுவா" என்றார். நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வாரேண்ணே" என்பதுதான் வந்தது.

நீ என்னைக் கண்டுபிடித்துவிட்டு வெறுத்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன். மன்னித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீ என்னை நம்பிவிட்டாய் அக்கா. உன் கண்ணையே நம்பாமல், என் வாயை நம்பினாய். ஒன்பது வருஷம் நீ செய்யாத பாவத்துக்கு நீ அழுதாய். அதற்கு நான் என்ன செய்வது என்று இத்தனை எழுதியும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தெரியாமல் செய்தேன், விஷமாகும் என்று நினைக்கவில்லை என்று எனக்கே நான் பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். அன்றைக்கு மாமனார் இரண்டாம் டம்ளர் குடிக்கும்போது, என் மகள், மூன்று வயது அப்போது, தனக்கும் வேண்டும் என்று டம்ளரை நீட்டினாள். காரம் என்று சொல்லி அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். அவளுக்கு நான் அந்த ரசத்தை ஊற்றவில்லை.