உச்சிப்புளியில் கழன்ற பெடல்

இன்று காலை என் மனைவி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உன்மேல் எனக்குப் பொறாமை இன்னும் தீரவில்லை. செத்தவன்மேல் என்னலே பொறாமை என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ராமநாதபுரத்தில் நம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் நான். பக்கத்தில் நின்று கையால் தும்பா மேளம் தட்டியவன் நீ. பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல்கூட வெல்டிங் பட்டறையில் இரும்பை வளைத்துச் செய்ததுதான். மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடும். ஆனாலும் மேடை நடுவில் உட்காருகிறவன் நான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடலோரத்து மண்டபம் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, மத்தியானம் பழைய இரும்புக் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். நங்கூரச் சங்கிலிக்கும் படகு இஞ்சினுக்கும் நடுவில் துருவேறிக் கிடந்த சாமானை முதலில் பார்த்தவன் நான்தான். "தையல் மெஷின் மிதி கெடக்கு பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ தரையில் உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"கொழும்பு ஓட்டல்ல வாசிச்ச ஆளு. சிலோன்லருந்து இங்க அகதி கேம்புக்கு வந்தவரு, போகும்போது போட்டுட்டுப் போயிட்டாரு" என்றார் கடைக்காரர்.

"டிரம்ஸ் பெடலுலே இது. சீமைச் சாமான்" என்றாய் நீ. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. என் கண்ணில் பட்டதை உன் கண் அல்லவா அடையாளம் கண்டது!

நயினார்கோவிலில் உன் வீட்டில் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாய். இற்றுப்போன தோல் வாருக்குப் பதிலாக உன் அய்யாவின் பழைய செருப்பை அறுத்துப் பூட்டினாய். ஸ்பிரிங் இல்லை, உன் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கழற்றி மாட்டினாய். மூட்டுக்கு மூட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டாய். ஒத்திகைக்குக் கொண்டுவந்து என் காலடியில்தான் வைத்தாய்.

"நீதான வாசிக்கிறவன்? ஒனக்குத்தாம்லே. அமுக்கிப் பாரு."

முரட்டுப் பெடலுக்குப் பழகிய கால் என்னுடையது. இரண்டு அடி விழவேண்டிய இடத்தில் மூன்று விழுந்தது. குழுவை நடத்திய மாஸ்டர் உன்னை உட்காரச் சொன்னார். நீ உட்கார்ந்தாய். நாலாவது சுற்றிலேயே பாட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே இவன் இங்கன உக்காரட்டும். நீ தும்பாவுக்குப் போய்யா" என்றார் மாஸ்டர்.

"வேணாம் மாஸ்டர், அது அவன் எடம்" என்று நீ எழுந்துவிட்டாய். அவர் கேட்கவில்லை. நீ எனக்காக எழுந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிறகு உச்சிப்புளிக் கல்யாண வரவேற்பு. வெயில் தாழ்ந்த நேரம், நீ முகம் கழுவப் போயிருந்தாய். ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த நட்டை நான் தளர்த்தினேன். என் பழைய பெடல் பையில் தயாராக இருந்தது. உன்னுடையது கழலும், மாஸ்டர் என்னைக் கூப்பிடுவார், நான் போய் உட்காருவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்றாவது பாட்டில் ஸ்பிரிங் கழன்று விழுந்தது. நீ தும்பா பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாய். நான் என் பழைய பெடலைப் பையிலிருந்து எடுத்தேன். உன் இடத்துக்கு நான் வருவதற்குள் நீ கையை நீட்டிவிட்டாய். கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. வலது கை தாளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, இடது கையால் அதைப் பூட்டி மிதித்தாய்.

கீச்சிடும் அந்தப் பெடலில், நான் மூன்று வருஷமாக மிதித்த அதே பெடலில், என் காலுக்கு ஒருநாளும் வராத நடையை நீ கொண்டுவந்தாய். சாமான்தான் உன்னை உயர்த்தியது என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையும் போயிற்று.

மேடையிலிருந்து இறங்கி என் தோளில் கை போட்டாய். "நீ இருக்கவும் தப்பிச்சேன்லே. நாந்தான் நட்டைச் சரியா முறுக்கல போல."

அதோடு விட்டாயா? என் கல்யாணத்தில் சொன்னாய். உன் மகன் காதுகுத்தில் சொன்னாய். எடத்தப் பிடுங்கிக்கிட்டவனுக்கே பெடலக் கொண்டாந்து கொடுத்தவன் என்று, போகிற ஊரிலெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் சிரித்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது, பந்தி முடிந்த பிறகு உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவரு இருக்கையில சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே திட்டியிருப்பாரு. எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? என் பிள்ளைக கிட்ட மட்டும் சொல்லிராதீக. அவுகளுக்கு அப்பா சொன்னபடியே இருக்கட்டும்" என்று எழுந்து உள்ளே போனாள்.

வாசலில் உன் மகன் என்னைத் தன் சிநேகிதர்களுக்குக் காட்டினான். "எங்கப்பா சொல்லுவாரே, அந்த மாமா இவுகதான்." அந்தப் பையன்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

உன் தாளத்தின்மேல் இருந்த பொறாமை வயதோடு கொஞ்சம் தணிந்துவிட்டதடா. இப்போது இருப்பது வேறு. நீ ஊர் ஊராகச் சொல்லி வளர்த்த அந்த நல்லவன்மேல்தான் எனக்குப் பொறாமை. உன் சிநேகிதனாக முப்பது வருஷம் இருந்தவன் அவன்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.