உன் வழியாகப் பேசியவர்கள்

கொடியில் கிடந்த உன் வேலைச் சேலையை இன்றைக்குத்தான் எடுத்து மடித்தேன். மூன்று தண்ணீரில் அலசியும் மருந்து வாடை போகவில்லை. பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷம் மருந்து அடைத்தவளின் சேலை அல்லவா? முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

உனக்கும் இரண்டாம் கல்யாணம், எனக்கும் இரண்டாம் கல்யாணம். உன் மகளுக்கு அப்போது பதினொரு வயது. என்னை அப்பா என்றும் கூப்பிட மாட்டாள், சித்தப்பா என்றும் கூப்பிட மாட்டாள். எதுவானாலும் உன் வழியாகத்தான். "யம்மா, நோட்டுக்கு அட்டை போடணும்னு அவுககிட்டச் சொல்லு" என்பாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். நான் மட்டும் என்ன யோக்கியமா? "ஒம் மகளச் சாப்பிடச் சொல்லு" என்பேன். பிரஸ்ஸில் அச்சு மிஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிறவனுக்கு ஒரு சின்னப் பிள்ளையிடம் வாய் எழும்பவில்லை.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?" என்று சிரிப்பாய். ஒருநாள் சிரிக்காமலும் கேட்டாய்: "நம்ம பிள்ளைன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

கம்பெனியில் வெடித்து நீ போன பிறகு, வீட்டில் யாரைப் பார்த்தும் இல்லாத பேச்சுதான். "சோறு இருக்கு" என்று அடுப்பிடம் சொல்வாள். "மழை வரும், குடை எடுக்கணும்" என்று வாசலிடம் சொல்வேன். அப்படியும் ஒரு காலையில் என் சட்டையில் அறுந்துபோயிருந்த பட்டன் தைத்திருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று முழுக்க பிரஸ்ஸில் அந்தப் பட்டனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாத்தூரிலிருந்து வந்த உன் அண்ணன் கேட்டார். "மாப்ள, பிள்ளைய நாங்க கூட்டிட்டுப் போகவா? இங்கன தனியா என்ன செய்யும்?"

தாய்மாமன் கேட்கும்போது எதிர்த்துப் பேசலாமா? "ஒங்க பிள்ளை மச்சான், ஒங்க இஷ்டம்" என்றேன். மரியாதைக்குச் சொன்ன சொல். நம் பக்கம் எவனும் அப்படித்தான் சொல்வான். "இல்ல மாப்ள, ஒங்க பிள்ளைதான்" என்று அவர் திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்துவிட்டார். உன் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அட பாவி மனுஷா என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. அதற்குள் அவள் துணிமணிகளை அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். உன் அண்ணன் முன்னால் ஏறிவிட்டார். படியில் கால் வைத்தவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"'இரு ஆத்தா'ன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா நீங்க?"

நான்கு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசியது இந்த ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டுதான் எழுந்திரிக்கிறேன், வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பையைத்தான் நீட்டினேன்.