கேள்விப் பக்கத்தை அழித்த டீச்சருக்கு

டீச்சர்,

இன்று தரம் பதினொன்றில் பாடம் முடித்து டஸ்டரைக் கையில் எடுத்தேன். உங்கள் ஞாபகம் வந்து பிள்ளைகள் முன்னாலேயே சிரித்துவிட்டேன். நீங்கள் கண்மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. உங்களை நினைத்தால் அழுகைதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

நுவரெலியாவில் நடந்த ஆசிரியர் பயிற்சியில்தானே சந்தித்தோம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறம்பொடையில் கணிதம் படிப்பித்தவர். நான் ராகலைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, அங்கேயே தமிழ் டீச்சரானவள். எங்கள் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் அதிபர் அந்த வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறினால் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு அதோடு சரி. கொழுந்துக் கூடையோ, கொழும்பில் வீட்டு வேலையோதான்.

கணினியில் ஒரே இணையப் பக்கத்தில் இரண்டு ஊரிலிருந்தும் எழுதலாம் என்று பயிற்சியில் காட்டினார்கள். மற்றவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை. பிள்ளைகள் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் கேள்விகளை அவரவர் பெயரோடு நான் தட்டச்சு செய்வேன். நீங்கள் அங்கிருந்து பதில் எழுதுவீர்கள். வகுப்பில் கேட்டால் “வெளங்கிருச்சு டீச்சர்” என்று ஒரே குரலில் சொல்லித் தப்பிக்கிற கூட்டம், துண்டில் மட்டும் உண்மையைச் சொன்னது. பரீட்சைக்கு முன் எல்லாவற்றையும் அச்செடுத்து மீட்டிப் படிக்கக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்தக் கேள்விகளில் ஒன்று என்னுடையது. வட்ட நாற்பக்கலில் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் ஏன் நூற்றெண்பது பாகை வருகிறது என்று எனக்கே விளங்கவில்லை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கிற பக்கத்தில் எப்படிக் கேட்பது? இல்லாத ஒரு மாணவியின் பெயரைப் போட்டு எழுதினேன். “பிள்ளை, முதலில் மையத்தைக் குறியுங்கோ” என்று தொடங்கிப் பதில் வந்தது. மறுநாள் அதையே வகுப்பில் ஜோராகப் படிப்பித்தேன்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கையில் பக்கத்தைத் திறந்தால் ஓர் எழுத்துகூட இல்லை. உடனே உங்களுக்குப் போன் அடித்தேன்.

“என்னாங்க டீச்சர், பக்கத்துல ஒன்னையும் காணோம்?”

“நான்தான் அழிச்சனான். பாடம் முடிஞ்சா பலகையை அழிச்சுப்போட்டுத்தானே வெளிக்கிடுறது. அடுத்த பாடத்துக்குத் துப்புரவா இருக்கட்டும் எண்டு...”

“அறிவிருக்கா ஒங்களுக்கு? எம் புள்ளைங்க கேட்டது பூராவும் போச்சே. இனி எதப் பாத்துப் படிப்பாங்க?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ டீச்சர்” என்றீர்கள். உங்களை அப்படிப் பேசியது இன்றும் உறுத்துகிறது.

பயிற்சி தந்தவரைப் பிடித்துக் கேட்டேன். பக்கத்தை மாற்றும்போதெல்லாம் அதன் பழைய பிரதி உள்ளே பத்திரமாக இருக்கும் என்று வழி சொன்னார். ஒவ்வொன்றாகத் திறந்து பின்னோக்கிப் போனேன். கேள்விகள் அத்தனையும் கிடைத்தன. என் கேள்விக்கு நீங்கள் முதலில் எழுதிய பதிலும் கிடைத்தது. “டீச்சர், முதலில் மையத்தைக் குறியுங்கோ” என்று இருந்தது. அடுத்த பிரதியில் “டீச்சர்” என்பதை எடுத்துவிட்டு “பிள்ளை” என்று போட்டிருந்தீர்கள்.

எப்படிக் கண்டுபிடித்தீர்களோ, நான் கேட்டதேயில்லை. நான் வாய்க்கு வந்தபடி ஏசியபோதும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து அழுதேன், டீச்சர்.

பக்கத்தை மீட்டு, அந்தப் பொய்ப் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அச்செடுத்துக் கொடுத்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி, “ஒங்களுக்குமா டீச்சர் வெளங்கல?” என்று கேட்டாள்.

“ஆமா, எனக்குந்தான். இறம்பொடை டீச்சர்கிட்டக் கேட்டுத்தான் படிச்சேன்” என்றேன்.

அன்று பின்னேரமே மேசையில் துண்டுகள் குவிந்துவிட்டன. அதுவரை ஒன்றும் கேட்காதவர்கள்கூட எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் கரையேறினார்கள். அதில் இரண்டு பேர் இப்போது டீச்சர்கள்.

இன்றும் வருடத் தொடக்கத்தில் புதிய வகுப்புக்குப் பக்கம் திறந்ததும் முதல் கேள்வியை நான்தான் எழுதுகிறேன், எனக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்றை. அதன் கீழே என் முழுப் பெயரையும் போடுகிறேன்.