சில்லாற்றுத் துறையின் உருளும் சேவை மேடைகள்

திருவும் மழையும் தவறாதிருப்பதாக. மூன்று ஆறுகளின் தலைவரும், பகைவர் கனவிலும் குதிரையேறி வருபவரும், தாம் பார்த்திராத கடலையும் வென்றவரென்று கல்லில் பொறிக்கப்பெற்றவருமான வெண்கோட்டு நாட்டரசரின் ஆணைப்படி, பேரமைச்சர் அருவந்தை, ஓடத்துறை அதிகாரிகள் அனைவருக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் துறைகளில் நீரும், நீரில் ஓடங்களும் நிலைப்பதாக.

சில்லாற்றுத் துறையில் இதுகாறும் பூதங்காரி என்னும் ஒரே ஓடக்காரன் வருவோரை அழைத்து, ஏற்றி, வசவும் வாங்கிக்கொண்டு அக்கரை சேர்த்து வந்தான். இப்பழங்கோலம் ஒழியும்பொருட்டு, தொலைதேசத்து வணிகக் குழுவிடம் சக்கரம் பூட்டிய நான்கு சேவை மேடைகள் வாடகைக்குப் பெறப்பட்டன. ஒன்றில் வரவேற்பு, ஒன்றில் விசாரிப்பு, ஒன்றில் வருத்தம் தெரிவித்தல், மற்றொன்றில் ஓடம். கூட்டம் எங்கே மிகுமோ அங்கே மற்ற மேடைகளையும் எருதுகள் இழுத்துச் சேர்க்கும் என்பதே இம்முறையின் அற்புதம்.

மூன்றாம் நாளே அற்புதம் நிகழ்ந்தது. விசாரிப்பு முடிவதற்குள் ஓடத்தைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் துறையை அடுத்த மேட்டின் உச்சியில் நின்ற வருத்த மேடைக்கே திரண்டனர். ஆகவே முறைப்படி ஓடமும் மேட்டுக்கு ஏற்றப்பட்டது. இறங்கினால் சேவைக்குக் குந்தகம் என்று எச்சரிக்கப்பட்டிருந்த பூதங்காரி, துடுப்பும் கையுமாக உள்ளேயே அமர்ந்திருந்தான். ஆறு கீழே நூல்போல் மின்னியது.

அவ்வேளை மருத்துவச்சி நங்கையாள் மூச்சிரைக்க ஏறிவந்து, அக்கரையில் பூதங்காரியின் மனைவிக்கே வலி கண்டிருப்பதாக அங்கிருந்து கூவிச் சொன்னார்களென்றும், பிள்ளை குறுக்கே கிடப்பதால் பொழுது தாழ்ந்தால் இரண்டு உயிரும் தங்காதென்றும் அறிவித்தாள். வரவேற்பு மேடையார் அவளுக்குச் சந்தனம் பூசினர். விசாரிப்பு மேடையார் பயணத்தின் நோக்கம் இன்பமா வணிகமா என்று வினவ, அவள் "இழவெடுத்தவனுங்களா, வழிய விடுங்கடா" என்று விடையிறுத்தாள். அது வணிகம் எனக் குறிக்கப்பட்டது. வருத்த மேடையார் மெய்யாகவே அழுதனர்.

பூதங்காரி அழவில்லை. "ஏறு ஆத்தா, கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றவன், சக்கரத்துக்கு அடைகொடுத்திருந்த கல்லைத் துடுப்பால் நெம்பினான்.

அதன்பின் கண்டதை உரைக்க எழுத்தாணிக்கு வலுவில்லை. வானிலிருந்து இறங்குவதுபோல் ஓடம் சரிவில் பாய்ந்தது. சந்தனக் கிண்ணம் பறந்தது. ஆறு இரண்டாகப் பிளந்து எழுந்தது. துடுப்பு நனையுமுன்பே பாதி ஆறு கடந்தாயிற்று. வருந்தியோர் வருத்தம் மறந்து வாய்பிளந்து நின்றனர். அந்திக்குள் பெண் பிறந்தாள். தாயும் நலம்.

சேவை எவ்வாறிருந்தது என்று முறைப்படி கேட்கப்பட்டபோது, நங்கையாள், "மேட்டுலேருந்து எறங்குனது ஒண்ணுதான் உருப்படி. மத்ததெல்லாம் எதுக்குன்னே வெளங்கல" என்றாள். அம்மொழியை அரசர் மும்முறை படிக்கக் கேட்டு மெய்சிலிர்த்தருளினார்.

ஆகவே அறிக: வரும் முழுநிலவுக்குள் துறைதோறும் நாற்பது முழ உயரத்தில் மேடு எழுப்பப்படுக. ஓடங்கள் யாவும் அதன் உச்சியில் நிறுத்தப்படுக.

சக்கரத்தைக் கழற்றி ஓடத்தை நீரிலேயே விட்டுவிடுமாறு பூதங்காரி பணிந்து விண்ணப்பித்துள்ளான். அவ்விண்ணப்பம் வருத்த மேடைக்கு அனுப்பப்பட்டுள்ளது.

இவ்வோலை கண்ட கை மண்வெட்டியும் காண்பதாக. யானை இலச்சினை இடப்பட்டது.